சென்னியப்பன் கடைக்கு வந்தவர்

கருவாட்டின் தலையைக் கிள்ளுகிற வேலையைச் சௌந்திரம் யாரிடமும் விடுவதில்லை. ஆடி மாதத்துக் கடைசிப் புதன்கிழமை விடிந்ததும் பின்வாசல் குழாயடியில் பலகையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். வெந்நீரில் ஊறினதை ஒவ்வொன்றாக எடுத்துத் தலையைக் கிள்ளி, செதிலைச் சுரண்டி, நாலு தண்ணீர் அலசினால்தான் அவளுக்குத் திருப்தி. கல்யாணமாகி வந்த முதல் வருஷம் மூன்றோடு நிறுத்திவிட்டு மாமியாரிடம் நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டாள். மாமியார் போய்ச் சேர்ந்து பத்து வருஷமாகிவிட்டது. நாலாவது தண்ணீர் மட்டும் போகவில்லை.

இத்தனை பாடும் வீட்டில் இருக்கிறவர்களுக்காக அல்ல. செத்து நூற்றுச் சொச்சம் வருஷமான சென்னியப்பனுக்காக. சேந்தமங்கலம் கடைவீதியில் இருக்கும் 'சென்னியப்பன் ஸ்டோர்' மளிகைக்கடையின் சென்னியப்பன். வருஷத்துக்கு ஒருமுறை அவருக்குக் கம்பஞ்சோறும் கருவாட்டுக் குழம்பும் மலைவாழைப் பழமும் படைத்து, இலையோரம் ஒரு சுருட்டையும் பற்றவைத்து வைக்க வேண்டும். சுருட்டைப் பற்றவைப்பது சௌந்திரத்தின் கணவர் குருமூர்த்தியின் பொறுப்பு. பீடி சிகரெட் தொடாத மனுஷர். அந்த ஒரு நாள் மட்டும் நாலு இழுப்பு இழுத்து, கண்ணில் தண்ணீர் வர இருமுவார்.

இருமி முடித்ததும் வம்சக் கதையை ஆரம்பிப்பார். கேட்க ஆள் இருக்கிறதா என்றெல்லாம் பார்ப்பதில்லை. தன் அப்பாருவை, அதாவது தாத்தாவைப் பெற்ற சென்னியப்பன் உப்பு வண்டி ஓட்டி வந்து இந்தக் கடையைப் போட்டது. கொல்லிமலைக்காரர்கள் சாமையும் தேனும் கடுக்காயும் தலைச்சுமையாய் இறக்கிக்கொண்டு வந்து உப்புக்கும் கருவாட்டுக்கும் மாற்றிக்கொண்டு போனது. தாது வருஷப் பஞ்சத்தில் கடை வாசலில் கஞ்சி ஊற்றினது. கடைசியில் சென்னியப்பன் பெண்டாட்டியின் பெருமைக்கு வருவார். ஆறு வயதுப் பையனை விட்டுவிட்டுப் புருஷன் கண்ணை மூடிவிட்டார். பையனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கூட்டிப்போனாள் அந்த ஆத்தா. தகப்பன் பேர் என்னவென்று வாத்தியார் கேட்டார். புருஷன் பேரை வாயால் சொல்லிவிடுவாளா என்ன? எதிர்ச்சாரியில் இருந்த கடையைக் கையை நீட்டிக் காட்டினாளாம். வாத்தியாரும் புரிந்துகொண்டு சென்னியப்பன் என்று எழுதிக்கொண்டாராம். அதே ஆத்தாவுக்குத் திருச்செங்கோட்டின் மேல் மட்டும் ஏதோ மனத்தாங்கல். சாகிறவரை அந்த ஊர்ப் பேரைச் சொன்னதில்லை. 'மேக்கால மலைக்கோயிலூரு' என்பாளாம். அந்த ஊர் வியாபாரி எவனாவது மோசம் பண்ணியிருப்பான் என்பது குருமூர்த்தியின் ஊகம்.

இந்த வருஷமும் எல்லாம் வரிசை தப்பாமல் நடந்தது. மகள் யாழினி மட்டும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். சென்னியப்பன் மேல் அவளுக்கு அவ்வளவு கோபம்.

யாழினி திருச்செங்கோட்டில் ஓர் என்ஜினியரிங் காலேஜில் பாடம் எடுக்கிறாள். அங்கேயே வேலை பார்க்கிற கௌசிக்கைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று ஆனி மாதம் வீட்டில் வாயைத் திறந்தாள். குருமூர்த்தி எகிறிக் குதிக்கவில்லை. பையனை வரச்சொல்லிப் பேசினார். வீட்டில் ரெண்டு போர்வெல் ரிக் ஓடுகிறது, பையன் அடக்கமாகப் பேசுகிறான், காப்பி டம்ளரைத் தானே எடுத்துக்கொண்டு போய்க் கழுவுமிடத்தில் வைக்கிறான். எல்லாம் அவருக்குப் பிடித்திருந்தது. பையன் எழுந்து போகும்போதுதான் எந்தக் கூட்டம், அதாவது எந்தக் குலம் என்று கேட்டார். ஆந்தைக் கூட்டம் என்றான். அத்தோடு முடிந்தது. சென்னியப்பன் வம்சமும் ஆந்தைக் கூட்டம். கூட்டம் ஒன்றென்றால் எத்தனை தலைமுறை தள்ளியிருந்தாலும் பங்காளி. பையனும் பெண்ணும் அண்ணன் தங்கச்சி.

"அந்தப் பையனை எனக்கும் புடிச்சிருக்குது அம்மிணி. மாப்பிள்ளையா இல்லாம மவனாப் புடிச்சிருக்குது, நான் என்ன பண்ணட்டும்?" என்றார் மகளிடம்.

கௌசிக்கின் அப்பாவும் ஏறக்குறைய இதையே சொல்லிவிட்டாராம். ஆவணியில் ராசிபுரம் பக்கம் ஒரு பெண்ணைப் பார்க்கப் போவதாக ஏற்பாடும் ஆகிவிட்டது. யாழினி அழவில்லை, சண்டை போடவில்லை. வேறு யாரையும் கட்டிக்கொள்வதாக இல்லை என்று ஒருமுறை சொன்னதோடு சரி. சனி ஞாயிறு வீட்டுக்கு வருவாள், துணி துவைப்பாள், போவாள். மகள் கத்தினால் சமாளித்துவிடுவேன், இவள் துணி துவைப்பதைத்தான் பார்க்க முடியவில்லை என்று சௌந்திரம் தன் அண்ணியிடம் போனில் சொன்னாள்.

படையல் முடிந்து ஒரு வாரத்தில் நாமக்கல்லில் இருந்து பத்திர எழுத்தர் நிஜாமுதீன் கூப்பிட்டார். கடைக்கு மேலே மாடி கட்ட பாங்கில் லோன் கேட்டிருந்தார்கள். பாங்கில் மூலப் பத்திரம் வேண்டும் என்றார்கள். வீட்டில் இருந்ததோ குருமூர்த்தியின் அப்பா காலத்துப் பாகப் பத்திரம் ஒன்றுதான். அதற்கு முந்தியதற்கு நிஜாமுதீன் நகல் மனு போட்டிருந்தார். அது கிடைத்துவிட்டது. அன்றைக்குப் பார்த்துச் சரக்கு இறங்குகிற நாள். குருமூர்த்தி கல்லாவை விட்டு நகர முடியாமல் சௌந்திரத்தை அனுப்பினார்.

நிஜாமுதீன் நகலை மேஜையில் விரித்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டார். விரோதி வருஷம் ஆனி மாதம் எழுதினது, இங்கிலீஷுக்கு ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தொன்பது என்றார். புள்ளி வைக்காத எழுத்து. சௌந்திரத்துக்கு ஒரு வரி பிடிபடவில்லை. அவர் விரலை ஓட்டிப் படித்துக்கொண்டே போனார். எழுதிக் கொடுத்தவர் சென்னியப்பன், எழுதி வாங்கினவர் செங்கோடன்.

"பாய், மாத்திப் படிக்கிறீங்க. சென்னியப்பன் தானுங்களே வாங்கினவரு?"

"முப்பத்திநாலு வருசமா இதையே படிச்சுட்டு இருக்கறேனுங்கம்மா. வித்தவரு யாரு, வாங்கினவரு யாருன்னு தெரியாமப் போனா ஆபீஸுக்குப் பூட்டைப் போட்டுட்டு நானும் ரிக் வண்டிக்குத்தான் போகோணும்."

பிறகு நிறுத்தி நிதானமாக ஒரு பத்தியைப் படித்தார். 'எனக்குப் புத்திர சந்தானம் இல்லாதபடியாலும், மேற்படி செங்கோடன் பஞ்ச காலத்தில் ஊஞ்சக்காடு கிராமத்தை விட்டுச் சிறு பிள்ளையாய் என் உப்பு வண்டியோடு வந்து பதின்மூன்று வருஷம் என் கடையில் உழைத்தபடியாலும்' கடையை அவன் பேருக்குக் கிரயம் பண்ணுகிறேன். அதற்குப் பதிலாக 'என் ஆயுசுக்குப் பிற்பாடு பிரதி வருஷம் ஆடி மாதம் கடைசிப் புதவாரம் எனக்குச் சோறு வைத்து வரவும், என் குலக்கோயிலுக்கு விளக்கெண்ணெய் அனுப்பி வரவும்' வேண்டியது.

சௌந்திரம் வலது கையை முகர்ந்து பார்த்தாள். ஒரு வாரமாகியும் கருவாட்டு வாசம் போன மாதிரி இல்லை. இருபத்தெட்டு வருஷம் நாலு தண்ணீர் அலசியது யாரோ ஒருவருக்கு. யாரோ என்றும் சொல்லிவிட முடியாது, கடையைக் கொடுத்தவர். சொன்ன வார்த்தைக்குத்தான் சோறு போட்டிருக்கிறார்கள். எதற்குப் போடுகிறோம் என்பதை மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

நிஜாமுதீன் கையெழுத்து வாங்க ஒரு பாரத்தை நீட்டி, கணவர் பேர் என்று கேட்டார். குருமூர்த்தி என்று சொன்னாள். சொன்ன அடுத்த நிமிஷம் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆதார் கார்டு வந்த பிறகு எந்தப் பொம்பளைக்கும் புருஷன் பேரைச் சொல்லாமல் தீராது. அந்த ஆத்தாவுக்கு அந்தத் தொந்தரவு இல்லை.

செங்கோடனை அவள் மனசுக்குள் கூட்டிக்கொண்டு வந்தாள். தாது வருஷத்தில் பன்னிரண்டு பதின்மூன்று வயது இருந்திருக்கும். வீட்டில் சோறில்லை, கிழக்கே போகிற உப்பு வண்டியின் பின்னால் நடந்து வந்துவிட்டான். சென்னியப்பன் கஞ்சி ஊற்றியது உண்மையாகத்தான் இருக்கும். அதைக் குடித்தவர்களில் இவனும் ஒருத்தன். மூட்டை தூக்கி, உப்பளந்து, மலைக்காரர்கள் பேச்சுப் பழகி ஆளாகியிருக்கிறான். கடை கைமாறினது பத்திரத்தோடு சரி. மலையில் இருந்து இறங்குகிறவர்களுக்குப் பத்திரமா தெரியும்? சென்னியப்பன் கடையில் உட்கார்ந்திருப்பவன் சென்னியப்பன். அவனும் திருத்திக்கொண்டிருக்கவில்லை போலிருக்கிறது. வியாபாரம் நடந்தால் சரி என்று இருந்திருப்பான். அந்தக் குணம் குருமூர்த்திவரைக்கும் அப்படியே வந்திருக்கிறது. நாற்பது தாண்டிக் கொஞ்ச நாளில் செத்தும் போய்விட்டான். அந்த ஆத்தா பள்ளிக்கூடத்தில் கடையைக் கை காட்டினாள். அந்தக் கடைக்காரர் என்றுதான் காட்டியிருப்பாள். வாத்தியார் கடையின் பேரை எழுதிக்கொண்டார். பையனுக்கு அப்பன் பேர் ஏட்டில் உள்ளதுதான். ஆத்தா கடைசிவரை அதைத் திருத்த வழியில்லை. திருத்துவதானால் பேரைச் சொல்லியாக வேண்டுமே. செங்கோடன் என்று சொல்லக்கூடாத வாய் திருச்செங்கோடு என்று மட்டும் எப்படிச் சொல்லும்? மேக்கால மலைக்கோயிலூரு என்று சுற்றி வளைத்தது அதனால்தான். பாவம், அந்த ஊர் வியாபாரிகளைக் குருமூர்த்தி இத்தனை வருஷமும் திட்டிக்கொண்டிருந்தார்.

குலக்கோயிலும் அப்படியே ஒட்டிக்கொண்டது. வருஷா வருஷம் எண்ணெய் அனுப்புகிற கோயில், அப்பன் போன கோயில். நம் கோயில் என்று பிள்ளை நினைத்ததில் என்ன தப்பு? கோயில் ஆந்தைக் கூட்டத்தோடது. ஆகவே நாமும் ஆந்தை.

அப்படியானால் செங்கோடன் எந்தக் கூட்டம்?

நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் சேந்தமங்கலம் வண்டி கிளம்பத் தயாராக நின்றது. சௌந்திரம் அதைத் தாண்டிப்போய், ஊஞ்சக்காட்டுக்கு நிஜாமுதீன் வழி சொன்னபடி திருச்செங்கோட்டு வண்டியில் ஏறினாள். அங்கிருந்து ஒரு டவுன் பஸ், அதற்கப்புறம் ஒரு மைல் நடை. ஊஞ்சக்காட்டில் அவள் போய் நின்றபோது நாலு மணி. எந்தப் பக்கம் திரும்பினாலும் விசைத்தறிச் சத்தம். ஒரு தறிப்பட்டறை வாசலில் நூல் கோன்களை அடுக்கிக்கொண்டிருந்த பழனியம்மாள் என்கிற பெண்ணிடம், இந்த ஊரில் எந்தக் கூட்டத்துக்காரர்கள் இருக்கிறார்கள் என்று கேட்டாள். காதில் விழவில்லை. பழனியம்மாள் தறியை நிறுத்தச் சொன்னதும் சௌந்திரம் மறுபடி கேட்டாள்.

"ஊரே காடைக் கூட்டந்தானுங்க. ஆதியில இருந்தே அப்படித்தான். வேற கூட்டம்னா என்னைய மாதிரி வாக்கப்பட்டு வந்த பொம்பளைகதான். ஏனுங்க, பொண்ணு பாக்க வந்தீங்களா?"

பஞ்சத்தில் ஊரை விட்டுப் போனவர்களைப் பற்றித் தெரியுமா என்று சௌந்திரம் கேட்டாள். பாதி ஊர் போனதாகவும், போனவர்கள் போனவர்கள்தான் என்றும் பெரியவர்கள் சொல்லுவார்களாம். அதற்குமேல் யாருக்கும் தெரியாது. பழனியம்மாள் ஒரு சொம்பு மோரைக் கொண்டுவந்து கொடுத்து, நீங்க எந்தக் கூட்டமுங்க என்றாள். பொறந்த ஊடு மோகனூர்ப் பக்கம், காடைக் கூட்டம் என்று சௌந்திரம் வாய்ப் பழக்கத்தில் சொன்னாள்.

"அட, எங்க ஊட்டுக்காரருக்குப் பங்காளி ஊட்டுப் பொண்ணு! அப்ப எனக்கு நாத்தனா, நங்கையா முறையாகுதுங்க. உள்ள வந்து உக்காருங்க நங்கையா. உங்க ஊட்டுக்காரரு எந்தக் கூட்டம்?"

மோர் சௌந்திரத்துக்குப் புரையேறியது. இருமலுக்கு நடுவே ஆந்தை என்று சொல்லிவைத்தாள்.

திரும்பி வரும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தாள். எப்படிப் போட்டாலும் ஒன்றுதான் வந்தது. தான் காடை. செங்கோடன் காடை. அவர் வம்சத்தில் வந்த குருமூர்த்தியும் காடை. இருபத்தெட்டு வருஷமாக மாமா மாமா என்று கூப்பிட்டது பங்காளியை. அந்தப் பங்காளி மாதம் ஒருமுறை நாமக்கல்லில் மெஸ்ஸுக்குப் போய்க் காடை ரோஸ்ட் சாப்பிட்டு வருகிறவர். காடைக் கூட்டத்துக்காரர்கள் காடையைத் தொடமாட்டார்கள். சௌந்திரம் தொட்டதில்லை, அவர் தட்டில் இருப்பதைப் பார்த்தாலே திரும்பிக்கொள்வாள். அவரோ குடோன் பரணில் குடியிருக்கும் ஆந்தையை, நம் கூட்டத்து ஜீவன் என்று யாரையும் விரட்ட விடமாட்டார். அது அரிசி மூட்டை மேலெல்லாம் எச்சம் போட்டாலும் பொறுத்துக்கொண்டு தானே துடைப்பார். நினைக்க நினைக்கச் சிரிப்பு வந்தது. வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டாள். கண்டக்டர் ரெண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

சேந்தமங்கலத்தில் இறங்கும்போது சிரிப்பு அடங்கியிருந்தது. விஷயத்தைச் சொன்னால் மகளுக்குக் கௌசிக் கிடைப்பான். ஆந்தைக்கும் காடைக்கும் தாராளமாகப் பெண் கொடுக்கல் வாங்கல் உண்டு. ஆனால் சொன்ன நிமிஷத்தில் தன் கல்யாணம் முறை தப்பியதாகிவிடும். குருமூர்த்தி அதற்காக வீட்டை விட்டு அனுப்பிவிடுவார் என்றெல்லாம் அவள் பயப்படவில்லை. சாப்பாட்டுத் தட்டை நீட்டும்போது நிமிர்ந்து ஒரு பார்வை பார்ப்பாரே, அந்தப் பார்வை மாறிவிட்டால் என்ன செய்வது என்றுதான் யோசனை. நாலு நாள் வாயைத் திறக்காமல் நகலைப் பீரோவில் வைத்துப் பூட்டிவைத்தாள். எழுத்துப் புரியாது என்பதால் குருமூர்த்தியும் கேட்கவில்லை.

ஐந்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நிஜாமுதீன் எழுதி அனுப்பிய வம்சாவளிப் பட்டியல் வந்து சேர்ந்தது. பாங்கில் கொடுக்க அதில் குருமூர்த்தி கையெழுத்துப் போட வேண்டும். சாப்பிட்டுவிட்டு ஹாலில் உட்கார்ந்திருந்தவர் மேலோட்டமாகப் பார்த்தார். முதல் பேர் செங்கோடன் என்றிருந்தது. யாரிது, பாய்க்குப் புத்தி கெட்டுவிட்டதா என்று அப்பொழுதே போன் போட்டார். யாழினி மடித்துக்கொண்டிருந்த துணியை மடியில் வைத்துக்கொண்டு கவனித்தாள்.

நிஜாமுதீன் பொறுமையாக முழுவதையும் சொன்னார். ஸ்பீக்கரில் இருந்ததால் ஹாலில் இருந்த மூன்று பேரும் கேட்டார்கள். பத்திரத்தை எழுதினவன் தூக்கத்தில் எழுதியிருப்பான் என்றார் குருமூர்த்தி. அந்தச் சாசனத்தில் நாலு சாட்சிக் கையெழுத்து இருக்கிறது, நாலு பேருமா தூங்கினார்கள் என்று கேட்டார் நிஜாமுதீன். நான் சென்னியப்பன் வாரிசு என்றுதான் போடுவேன் என்றார் குருமூர்த்தி.

"போடுங்க, எனக்கென்னங்க? ஆனா சென்னியப்பன் வித்துட்டுப் போனவருங்க. வித்துட்டுப் போனவரு வாரிசுக்கு அந்தக் கடையில என்ன இருக்குது? செங்கோடன் வாரிசா இருந்தாத்தானுங்க கடை உங்களுது."

குருமூர்த்தி போனை வைத்தார். பேனாவைத் திறந்தார், மூடினார், திறந்தார். பிறகு சட்டென்று கையெழுத்தைப் போட்டுவிட்டுத் தாளைத் தள்ளி வைத்தார். கடைக்காரர் கடைக்காரர்தான்.

"அப்ப நாம ஆந்தை இல்லீங்களாப்பா?" என்றாள் யாழினி. அவள் குரலே மாறியிருந்தது.

மகள் முகத்தைப் பார்த்தபின் சௌந்திரத்துக்கு மேற்கொண்டு யோசிக்க எதுவுமில்லை. ஊஞ்சக்காட்டுக்குப் போனது, தறிப்பட்டறை, மோர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். அந்த ஊரே காடை என்பதைச் சொல்லிவிட்டு நிறுத்தினாள்.

கல்லாவில் உட்கார்ந்து மனக்கணக்குப் போடுகிற மாதிரி குருமூர்த்தியின் உதடு அசைந்தது.

"காடையா? நீயும் காடைதானே?"

"ஆமாங்க."

யாழினி துணியால் வாயை மூடிக்கொண்டாள். அவள் சிரிக்கிறாளா என்று பார்க்கவும் சௌந்திரத்துக்குத் தைரியம் வரவில்லை.

"இது வெளிய தெரிஞ்சா..." என்று ஆரம்பித்தார் குருமூர்த்தி.

"தெரிஞ்சா தெரியட்டுங்க. முறை தப்பி இருபத்தெட்டு வருசம் குடும்பம் நடத்தியிருக்கறோம். குடி முழுகிப் போயிருச்சுங்களா? முழுகிப் போச்சுன்னு உங்களுக்குத் தோணுச்சுன்னா சொல்லுங்க, எங்க அண்ணன் ஊட்டுக்கு இன்னைக்கே பொறப்பட்டர்றேன். இல்லைன்னா அந்தப் பையன் ஊட்டுக்குப் போன் போடுங்க. ரெண்டுல ஒண்ணு."

குருமூர்த்தி சௌந்திரத்தை நிமிர்ந்து பார்த்தார். அவள் நாலு நாளாய்ப் பயந்த பார்வை இல்லை அது. சாம்பாரில் உப்பு ஒரு கல் கூடிவிட்ட அன்றைக்குப் பார்ப்பாரே, அதுதான். எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். பித்தானைப் போட்டுக்கொண்டே ரெண்டு அடி நடந்து, நின்று, தலையைச் சொறிந்தார்.

"சரி, கல்யாணப் பத்திரிகை மேல குலதெய்வம்னு எந்தக் கோயிலைப் போடறது? ஆந்தைக் கோயிலைப் போட்டா அவங்க ஊட்டுல விடமாட்டாங்க. காடைக் கோயிலைப் போட்டா, பங்காளிக்கா தங்கச்சியைக் குடுத்தேன்னு உங்க அண்ணன் என்ற சட்டையைப் புடிப்பான்."

யாழினி அம்மாவைப் பார்த்தாள். சௌந்திரம் மகளைப் பார்த்தாள். அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பிப் போனார்.